அரசுத் தரவைத் திறந்த வரைபடத்தில் சேர்க்கலாமா? இராமநாதபுரம் கடற்கரையில் வரைபவர்கள் கேட்கும் கேள்விகள்

எஸ்.பி.பட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். இது வழக்கறிஞரின் கருத்து அல்ல. வரைகிறவர் தரப்பிலிருந்து எழுதியது. பணமோ வழக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் வழக்கறிஞரையே பாருங்கள்.

மாவட்ட இணையதளத்தில் எல்லோரும் பார்க்கத்தானே போட்டிருக்கிறார்கள். எடுத்துச் சேர்த்தால் என்ன?

பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள், சரி. மாற்றி எழுதி ஊருக்கெல்லாம் விநியோகிக்கக் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு உருவாக்கும் படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர். வரைபடம் அந்தச் சட்டத்தில் கலைப்படைப்பு என்ற வகையில் வருகிறது. அட்டவணையும் தரவுத்தளமும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகின்றன. மீன் இறங்குதளங்களின் பட்டியலை இலக்கியம் என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் சட்டம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது.

பல அரசுத் தளங்களின் அடியில் 'பதிப்புரிமைக் கொள்கை' என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். உள்ளே போனால் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: மின்னஞ்சலில் உரிய அனுமதி பெற்றுக் கட்டணமின்றி மறுவெளியீடு செய்யலாம், பிழையில்லாமல் அப்படியே வெளியிட வேண்டும், மூலத்தைக் குறிப்பிட வேண்டும். இது துண்டறிக்கையில் போடுகிறவருக்குப் போதும். நமக்குப் போதாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு 2012 செப்டம்பர் 12 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் இருக்கிறது. நீங்கள் சேர்க்கும் ஒரு புள்ளியை நாளை யாரோ நகர்த்தலாம், பெயரை மாற்றலாம், ஒரு நிறுவனம் தன் செயலியில் வைத்துச் சம்பாதிக்கலாம். அத்தனைக்கும் இடம் கொடுக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால்தான் சேர்க்க முடியும்.

நம் வரிப்பணத்தில் செய்ததுதானே? நாட்டுடைமை நூல்கள் மாதிரி இல்லையா?

இல்லை, இது நேர் எதிர். நாட்டுடைமையில் அரசு எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ உரிமையை வாங்கிப் பொதுவில் விடுகிறது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது இப்படித்தான். அரசே செய்த வரைபடத்தை அப்படிப் பொதுவில் விட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் படைப்புகளுக்கு அந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் அதிகம்.

அப்படியானால் தைரியமாக எடுக்கக்கூடியது எது?

முதலில் பார்க்க வேண்டியது டேட்டா.கவ்.இன். 2012இல் மத்திய அரசு தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கையை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக வந்த தளம் இது. தளம் வந்தும் உரிமம் தெளிவாக இல்லாமல் கொஞ்ச காலம் கிடந்தது. 2017 பிப்ரவரியில்தான் ஜிஓடிஎல் எனப்படும் இந்திய அரசுத் திறந்த தரவு உரிமம் அரசிதழில் வந்தது. வணிகமானாலும் இல்லாவிட்டாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், வெளியிடலாம். யார் கொடுத்த தரவு, எங்கிருந்து எடுத்தது, எந்த உரிமம் என்ற மூன்றையும் சுட்டியோடு சொல்ல வேண்டும். உங்கள் வேலையை அரசு ஆதரிப்பது போலக் காட்டக் கூடாது. பிழைக்கு அரசு பொறுப்பில்லை, நாளைக்கும் தரவு கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

உதாரணத்துக்கு, ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு எண் உண்டு. அந்தத் தளத்தில் இந்த உரிமத்தின் கீழ் வெளியான தொகுப்பை எடுத்து மண்டபம் ஒன்றியத்து ஊராட்சிகளுக்கு எண் சேர்க்கிறீர்கள் என்றால், திருத்தத் தொகுப்பில் (ஒரே தடவையில் ஏற்றும் திருத்தங்களின் கட்டு) 'மூலம்' என்ற இடத்தில் இப்படி எழுதலாம்: 'ஊராட்சி அமைச்சகம், உள்ளாட்சி விவரத் தொகுப்பு, டேட்டா.கவ்.இன், ஜிஓடிஎல் இந்தியா, எடுத்த தேதி', கூடவே சுட்டி. தேதியை விடாதீர்கள். கோப்பு பின்னால் மாறிப்போனால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சான்று.

இந்த உரிமத்திலும் விலக்குகள் உண்டு. தனிநபர் விவரம், அரசு முத்திரைகளும் சின்னங்களும், வேறொருவர் உரிமை பெற்றிருக்கும் தரவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி வெளியே வந்திருக்கவே கூடாத தரவு ஆகியவை இதில் அடங்கா.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரப்பிலும் ஒரு நடைமுறை இருக்கிறது. மொத்தமாக ஏற்றுவது இறக்குமதி. அதற்கு முன் இந்தியச் சமூகத்திடமும் இறக்குமதி அஞ்சல் குழுவிடமும் சொல்லி, உரிமத்தைக் காட்டி, கருத்துக் கேட்க வேண்டும். பத்துப் பெயர் சரிபார்ப்பதற்கு இவ்வளவு தேவையில்லை.

மாநிலத் துறைகளின் தரவுக்கும் இந்த உரிமம் பொருந்துமா?

தானாகப் பொருந்தாது. அந்தக் கொள்கை மத்திய அரசின் அமைச்சகங்களுக்கும் துறைகளுக்கும் எழுதப்பட்டது. மாநிலத் துறை தன் தரவை இந்த உரிமம் சொல்லி வெளியிட்டிருந்தால் எடுக்கலாம். துறையின் சொந்தத் தளத்தில் ஒரு பிடிஎஃப் கிடக்கிறது, உரிமம் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அனுமதி எப்படிக் கேட்பது? அதிகாரி 'எடுத்துக்கோங்க' என்று நேரில் சொல்லிவிட்டாரே?

நல்ல மனிதர். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த அதிகாரி அடுத்த மாதம் மாறுதலாகிப் போனால் அவர் சொன்ன வார்த்தையும் கூடவே போய்விடும்.

கடிதம் கேட்கும்போது வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் யாருக்கும் ஓடிபிஎல் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து புதிதாக எழுத நேரமும் இருக்காது. இந்த மாதிரி ஒன்று போதும்:

'எங்கள் அலுவலகம் தயாரித்த மீன் இறங்குதளங்களின் பட்டியலை (பெயர், ஊராட்சி, அட்சரேகை, தீர்க்கரேகை) ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் சேர்ப்பதற்கும், அத்தளத்தின் ஓடிபிஎல் உரிமத்தின்படி வணிகப் பயன்பாடு உட்பட எவரும் அதனைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் ஆட்சேபனை இல்லை. அத்தளத்தின் பங்களிப்பாளர் பக்கத்தில் எங்கள் துறையின் பெயர் குறிக்கப்பட்டால் போதுமானது.'

கடைசி வரியை விடாதீர்கள். வரைபடத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் துறையின் பெயரைப் போட வேண்டும் என்று கடிதத்தில் வந்துவிட்டால் அதை நிறைவேற்ற வழியே இல்லை. 'வணிகப் பயன்பாடு உட்பட' என்பதில் அலுவலகம் தயங்கும். 'யாரோ காசு பார்ப்பானே' என்பார்கள். அந்தத் தொடரை நீக்கிவிட்டு வாங்கும் கடிதத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை, அதனால் பொறுமையாகப் பேசுங்கள். ந.க. எண், தேதி, கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்கிறதா பார்த்து வாங்கி, ஸ்கேன் செய்து, இறக்குமதி பற்றிய விக்கிப் பக்கத்தில் இணைத்துவிடுங்கள். கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்றும் கேளுங்கள். பல நேரம் கோப்பு சென்னையிலுள்ள தலைமை அலுவலகம் வரை போய்த்தான் திரும்பும்.

துறையே கேஎம்எல் கோப்பு (இடங்களையும் கோடுகளையும் சேமிக்கும் வரைபடக் கோப்பு) கொடுத்துவிட்டது, கடிதமும் இருக்கிறது. இனி ஏற்றலாம்தானே?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: இதை எதன் மேல் வரைந்தார்கள்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வியே இதுதான். கண்மாய்க் கரை, உப்பளப் பாத்தி, புயல் பாதுகாப்பு மையம் என்று அலுவலகங்களில் கிடைக்கும் கேஎம்எல் கோப்புகளில் கணிசமானவை கூகுள் எர்த்தைத் திறந்து வைத்துக்கொண்டு எலியால் கிளிக் செய்து வரைந்தவை. வரைந்தது அரசு ஊழியர்தான், ஆனால் அடியில் கிடந்த படம் கூகுளுடையது. கூகுளின் படத்தையோ வரைபடத்தையோ பார்த்து வரைந்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஏற்பதில்லை. தன்னிடம் இல்லாத உரிமையைத் துறையால் உங்களுக்குத் தர முடியாது. விலைக்கு வாங்கிய செயற்கைக்கோள் படத்தின் மேல் ஆலோசனை நிறுவனம் வரைந்து கொடுத்த கோப்புக்கும் இதே கதைதான். அங்கே படம் விற்றவரின் நிபந்தனை, நிறுவனத்தின் ஒப்பந்தம் என்று இரண்டு கதவுகள்.

கேட்டால் சொல்வார்கள், பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் ஒரு சோதனை: கோப்பைத் திறந்து, கட்டட ஓரங்களையும் கண்மாய் மடையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு படச் சேவையும் தரையிலிருந்து கொஞ்சம் விலகித்தான் உட்கார்ந்திருக்கும், விலகும் அளவு ஒன்றுக்கொன்று வேறுபடும். கோடுகள் கூகுள் படத்தில் கச்சிதமாகப் பொருந்தி, மைக்ரோசாஃப்டின் பிங் படத்தில் எல்லாமே ஒரே திசையில் சில மீட்டர் நகர்ந்து நின்றால் எதன் மேல் வரைந்தது என்று புரிந்துவிடும். ஜிபிஎஸ் கருவியோடு நடந்து எடுத்ததாக இருந்தால் இவ்வளவு கச்சிதம் இருக்காது, புள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் சிதறும்.

ஆர்டிஐ போட்டு வாங்கிவிட்டால்?

பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் கிடைக்கும், உரிமம் கிடைக்காது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் அறிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது, பதிப்புரிமையைத் தொடவில்லை. அரசு அல்லாத வேறொருவரின் பதிப்புரிமையை மீறுவதாக இருந்தால் தகவலையே மறுக்கலாம் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் ஆர்டிஐ வீண் இல்லை. 'இந்த வரைபடத்தை யார் தயாரித்தார்கள், எந்த அடிப்படைப் படத்தின் மேல், எந்த ஒப்பந்தப்படி' என்று கேட்டு வாங்கினால் முந்தைய கேள்விக்கு எழுத்திலேயே பதில் கிடைத்துவிடும். நான் ஆர்டிஐயை இதற்குத்தான் சிபாரிசு செய்வேன்.

உண்மைத் தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை என்கிறார்களே?

உண்மைதான். தேவிபட்டினத்தில் ஒரு இறங்குதளம் இருக்கிறது என்பது யாருடைய சொத்தும் இல்லை. 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பும் செலவும் மட்டும் பதிப்புரிமையைத் தராது, குறைந்தபட்சப் படைப்புத் திறன் வேண்டும் என்றது. ஐரோப்பாவில் 1996 முதல் இருக்கும் தனித் தரவுத்தள உரிமை போல ஒன்று இங்கே சட்டத்தில் இல்லை. ஆகவே வெறும் பட்டியலுக்குப் பாதுகாப்பு மெலிது என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வாதாடுகிற நிலைக்கு வரைபடத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்தின் வழக்கம். அந்தத் தரவு ஐரோப்பாவிலும்தான் பயன்படுகிறது.

அப்போது பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு மையப் பட்டியலை என்ன செய்வது? புயல் வந்தால் அதுதானே வேண்டும்?

பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போங்கள். கட்டடத்தைப் பாருங்கள், பலகையில் இருக்கும் பெயரைப் படியுங்கள், போனில் ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வரைபடத்தில் ஏறுவது நீங்கள் கண்ணால் கண்டது. பட்டியல் வழி காட்டியதோடு சரி. மூலம் என்ற இடத்தில் 'களஆய்வு' என்று எழுதலாம், அது பொய்யும் ஆகாது.

உரிமச் சிக்கலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பட்டியலில் ஒரே பள்ளிக்கூடம் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு மையமாக இருக்கும். ஆயத்தொலைவின் தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போய், கட்டடம் பாக் நீரிணையில் மிதக்கும். திருப்பாலைக்குடிக்கும் மோர்ப்பண்ணைக்கும் நடுவில் ஒரு தரவையை, அதாவது தாழ்வான வெட்டவெளியை, தாண்டித்தான் மையத்துக்குப் போக முடியும், மழை பெய்தால் போக முடியாது என்பதைப் போல ஒரு விவரம் எந்தப் பிடிஎஃப்பிலும் வராது.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் எல்லையை எங்கிருந்து எடுப்பது?

அரசிதழிலிருந்து. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அரசிதழில் வெளியான விஷயங்களை மறுவெளியீடு செய்வதைப் பதிப்புரிமை மீறலாகக் கொள்வதில்லை; சட்டங்களின் மூலப்பாடத்துக்கு மட்டும் தனி நிபந்தனை. எல்லையை விவரிக்கும் அட்டவணை அறிவிக்கையில் இருந்தால் அதை வைத்து நீங்களே கோடு போடலாம். உள்ளாட்சி வார்டு எல்லைகளுக்கும் இதே வழி.

1986இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று ஆவணம் சொல்லும். அவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. எல்லை அரசிதழில் உள்ளபடி இருக்கட்டும், நிலமாகத் தெரியாததை மட்டும் தீவாக வரைய வேண்டாம்.

1964க்கு முந்தைய தனுஷ்கோடி வரைபடங்கள்?

இது மகிழ்ச்சியான பதில். அரசுப் படைப்புக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அதாவது 1964 வரை வெளியான இந்திய நில அளவைத் துறைத் தாள்களின் உரிமைக் காலம் 2024ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. டிசம்பர் 22 இரவுப் புயல் அடித்துக்கொண்டு போவதற்கு முன்பிருந்த ரயில் பாதை, கப்பல்துறை, தெருக்கள் அடங்கிய தாள் கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். தாளில் அச்சான பதிப்பாண்டைப் பாருங்கள். ஆய்வு செய்த ஆண்டு வேறு ஓரத்தில் தனியாக இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறகு வந்த திருத்திய பதிப்புக்குத் தனிக் காலக்கணக்கு. அமெரிக்க ராணுவ வரைபடச் சேவை 1950களில் வெளியிட்ட 1:2,50,000 அளவுத் தாள்களும் பொதுவில்தான் இருக்கின்றன, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது.

ஆனால் இன்று இல்லாததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கக் கூடாது. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைச் சேர்க்கலாம், போய்விட்ட தண்டவாளத்தை அல்ல. அதற்கு ஓப்பன்ஹிஸ்டாரிகல்மேப் என்ற தனி வரலாற்று வரைபடம் இருக்கிறது. பழைய பாம்பன் பாலத்தில் 1914 முதல் 2022 வரை ஓடிய ரயிலையும் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தையும் ஆண்டோடு பிரித்துக் காட்டலாம்.

செயற்கைக்கோள் படங்களில் எதைப் பார்த்து வரையலாம்?

பிங் வரையலாம், 2010 முதல் அனுமதி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தொகுப்பியிலேயே வரும் மற்ற படங்களும் அனுமதி பெற்றவைதான். ஐரோப்பாவின் சென்டினல்-2, அமெரிக்காவின் லேண்ட்சாட் இரண்டும் திறந்தவை. 10 மீட்டர், 30 மீட்டர் நுணுக்கம்தான், கட்டடம் தெரியாது, மணல்திட்டு நகர்வதைப் பார்க்க உதவும். கூகுள் கூடாது. இஸ்ரோவின் வரைபடத் தளமான புவன் நம்முடையது என்பதால் வரையலாம் என்று நினைக்கிறார்கள். அதன் பயன்பாட்டு விதிகளைப் படித்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் வேண்டாம்.

பட்டா, புலப்படம்?

வேண்டவே வேண்டாம். இணையத்தில் சர்வே எண் கொடுத்தால் பார்க்க முடிகிறது என்பது உண்மை. பட்டாவில் ஆட்களின் பெயர் இருக்கிறது. தனி மனிதரின் நில எல்லை திறந்த வரைபடத்துக்குத் தேவையும் இல்லை.

கடலுக்குள் இருப்பதை? ஆழம், பார் (மீன் கூடும் கடலடிப் பாறை), எல்லைக்கோடு?

ஆழம் காட்டும் கடல்வரைபடங்களை டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு அலுவலகம் வெளியிடுகிறது, அதன் உரிமையும் அவர்களுடையது. பார்த்து வரையக் கூடாது. ஜெப்கோ என்ற உலகக் கடலடித் தரவு பொதுவில் இருக்கிறது, ஆனால் அதன் கட்டம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். நம் ஆழமற்ற பாக் நீரிணைக்கு அது ஒப்புக்குத்தான். நீங்களே படகில் கருவி வைத்து அளக்கலாமா என்றால், 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்படி இந்தியக் கடற்பரப்பில் அளவாய்வு இந்திய நிறுவனங்களுக்கும் இந்தியர்களுக்கும் மட்டும். அந்த வழிகாட்டுதலே கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், உயரத்தில் மூன்று மீட்டர் என்று ஒரு வரம்பு வைத்து, அதைவிட நுணுக்கமான தரவு இந்தியாவிலேயே வைக்கப்பட வேண்டும் என்கிறது. போன் ஜிபிஎஸ் அந்த நுணுக்கத்துக்குப் பக்கத்திலும் வராது. ஆனால் துறையிடமிருந்து டிஜிபிஎஸ் (பிழை திருத்திய, மிக நுணுக்கமான ஜிபிஎஸ்) அளவீடு கிடைத்தால் இதை யோசிக்க வேண்டும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பதால்.

இலங்கையுடனான கடல் எல்லைப் புள்ளிகள் 1974, 1976 ஒப்பந்தங்களின் வாசகத்திலேயே இருக்கின்றன. வரைபடத்தில் ஏற்கெனவே அந்தக் கோடு உண்டு, கை வைக்காதீர்கள்.

பார் விஷயம் வேறு. நாட்டுப்படகுக்காரர் தன் ஜிபிஎஸ்ஸில் சேர்த்து வைத்திருக்கும் புள்ளிகளுக்கு எந்த அரசு உரிமமும் கிடையாது, அவர் கொடுத்தால் சட்டப்படி ஏற்றலாம். ஆனால் அது அவர் பிழைப்பு. வரைபடத்தில் போட்டால் நாளை யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் வலை போடுவார்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சொன்ன பிறகும் கொடுப்பவர் குறைவு, அது நியாயம்தான்.

ஆய்வு நிறுவன அறிக்கையில் 'சிசி பை 4.0' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறது. இது திறந்த உரிமம்தானே?

திறந்ததுதான், ஆனாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு நேரடியாகப் பொருந்தாது. பெயர் குறிப்பிடும் முறையிலும் தொழில்நுட்பப் பூட்டு பற்றிய விதியிலும் ஓடிபிஎல்லோடு முட்டுகிறது. அந்த இரண்டுக்கும் உரிமையாளரிடம் ஒரு விலக்குக் கடிதம் வாங்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை 2017இலேயே இதற்கு மாதிரிப் படிவம் கொடுத்திருக்கிறது. 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருந்தால் பேச்சே இல்லை. உரிமையை முழுதாக விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ என்றால் தடையில்லை.

எங்கள் மீனவர் சங்கம் இந்த வரைபடத்தை அச்சிட்டுக் கட்டடத்தில் மாட்ட வேண்டும். யாரிடம் கேட்பது?

யாரிடமும் கேட்க வேண்டாம். ஓரத்தில் '© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று போடுங்கள். இதே தரவை எடுத்து உங்கள் கண்மாய்க் கணக்கையும் அதனுள் கலந்து ஒரே தரவுத்தளமாக வெளியிட்டால், அந்தத் தரவுத்தளமும் ஓடிபிஎல்லில்தான் இருக்க வேண்டும். முழு இந்திய வரைபடம் அச்சிடுவதாக இருந்தால் மட்டும் கவனம்: நில அளவைத் துறை வெளியிட்ட எல்லைக்கு ஒவ்வாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம். வடக்கு எல்லையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கோடு அதனோடு ஒத்துப்போகாது. சாயல்குடி வரைபடத்துக்கு இந்தக் கவலை இல்லை.

ஏற்றிவிட்டோம். உரிமம் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

உடனே நிறுத்துங்கள். எந்தத் திருத்தத் தொகுப்புகள் என்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே அழிப்பது மட்டும் போதாது, பழைய பதிப்புகள் வரலாற்றில் நிற்கும். அதையும் மறைக்க அறக்கட்டளையின் தரவுப் பணிக்குழுவுக்கு எழுத வேண்டும். உங்களுக்குப் பிறகு வேறொருவர் அதே புள்ளிகளைத் திருத்தியிருந்தால் அவருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், அவர் வேலையும் சேர்ந்து போகலாம். அப்புறம் அந்தத் துறைக்கே அனுமதி கேட்டு எழுதுங்கள். கடிதம் வந்தால் திரும்ப ஏற்றலாம்.